ஏலக்காய், திராட்சை, சாம்பிராணி: ஒரு சென்ட் பாட்டிலின் பூர்வீகம்



போடிநாயக்கனூர்ல "ஏலம் எப்போ?"ன்னு கேட்டா ரெண்டு அர்த்தம் வரும். ஒண்ணு செடியில காய்க்கிறது. இன்னொண்ணு அந்தக் காயை வியாபாரி விலை கேக்குறது. ரெண்டாவது ஏலம் போர்ச்சுகீசியர் விட்டுட்டுப் போன சொல். "லெய்லாவ்"னு அவங்க சொன்னது நம்ம வாயில ஏலம் ஆயிருச்சு. முதல் ஏலம் சிலப்பதிகாரத்துக்கு எழுதின பழைய உரையிலயே இருக்கு. ரெண்டும் ஒரே ஊர்ல வந்து ஒட்டிக்கிட்டதால போடியில "ஏலக்காய் ஏலம்"னு சொன்னா யாரும் சிரிக்க மாட்டாங்க. அது அங்க சோறு போடுற விஷயம்.

இந்தப் பதிவு காயைப் பத்தினது மட்டும் இல்ல. வெளிநாட்டு சென்ட் கடைகள்ல கொஞ்ச வருஷமா ஒரு வகை வாசனைத் திரவியம் நல்லா ஓடுது. அட்டையில மூணு விஷயம் போட்டிருப்பாங்க. "அம்பர்" வகை. இனிப்பான பழ லிக்யூரை மனசுல வெச்சு செஞ்சது. ஆண், பெண் ரெண்டு பேரும் போடலாம். கேட்டா ஏதோ பாரீஸ் சமாச்சாரம் மாதிரி இருக்கும். ஆனா ஒவ்வொரு பாகமா கழட்டிப் பாத்தா (நம்ம தொழில் புத்தி, எதையும் கழட்டிப் பாக்கணும்) பாதி சாமான் நம்ம ஊர்ப் பக்கத்துலயே கிடக்கு. பேரு மட்டும்தான் நம்மளுது இல்ல.

குடிக்கிறதும் பூசுறதும் ஒரே பாட்டில்

முதல்ல லிக்யூர். டாஸ்மாக் சரக்கு நினைப்பு வந்தா ஓரமா வெச்சிருங்க. பழம், மூலிகை, மசாலா இதையெல்லாம் சாராயத்துல ஊறவெச்சோ வடிச்சோ, அதுல சர்க்கரையும் சேத்தா அதான் லிக்யூர். அதையே சர்க்கரை சேக்காம, வாசனை எண்ணெயை கூட்டி, தோல்ல பூசுற மாதிரி செஞ்சா சென்ட். ரெண்டுக்கும் அடிப்படை ஒண்ணுதான்: சாராயம் வாசனையை கரைச்சு வெச்சுக்கும், அப்புறம் காத்துல விட்டுரும்.

ஐரோப்பாவுல ரொம்ப நாள் இந்த ரெண்டும் பிரியவே இல்ல. ரோஸ்மேரி இலையை சாராயத்துல போட்டு வடிச்ச "ஹங்கேரி ராணித் தண்ணி"ய உடம்புல தேய்ச்சாங்க, வாயிலயும் ஊத்திக்கிட்டாங்க. 1709ல ஜெர்மனியோட கொலோன் நகரத்துல ஃபரினா குடும்பம் ஆரம்பிச்ச வாசனைத் தண்ணி அந்த ஊர் பேரையே எடுத்துக்கிச்சு. நாம "ஓடிகொலோன்"னு சொல்றது அதுதான். அதையும் மருந்துன்னு குடிச்சவங்க உண்டு. 1810ல நெப்போலியன் ஒரு ஆணை போட்டார்: மருந்துன்னு விக்கிற எல்லா ரகசியக் கலவைக்கும் செய்முறையை அரசாங்கத்துக்கு சொல்லணும். கொலோன்காரங்க யோசிச்சாங்க. செய்முறையை சொல்றதுக்கு பதிலா "இது மருந்தே இல்லீங்க, வெறும் வாசனை"ன்னு சொல்லிட்டாங்க. ஒரு காகிதம் வந்து மருந்துக்கடை அலமாரியையும் சென்ட் அலமாரியையும் பிரிச்சது அப்படித்தான்.

இப்ப நம்ம பக்கம் வருவோம். பிரிட்டிஷ் மருந்து நூல், அதாவது பார்மகோப்பியா, 1864ல முதல் தடவையா வந்தது. 19ஆம் நூற்றாண்டுல வந்த அதோட பதிப்புகள்ல "ஏலக்காய் கூட்டு டிங்க்சர்"னு ஒரு அயிட்டம் இருக்கு. அதுல என்னென்ன தெரியுமா? ஏலக்காய் விதை, சீரகத்துக்கு ஒண்ணு விட்ட தம்பி மாதிரியான காரவே விதை, பட்டை, நிறத்துக்கு கொச்சினீல் பூச்சியோட சிவப்பு, அப்புறம் உலர்ந்த திராட்சை. எல்லாத்தையும் சாராயத்துல ஊறப்போட்டு வடிகட்டணும்.

திரும்ப ஒரு தடவை படிச்சுப் பாருங்க. திராட்சை, ஏலம், பட்டை, சாராயம், சிவப்பு கலர். டாக்டர் சீட்டு எழுதிக் குடுத்தா மருந்து. குட்டி கிளாஸ்ல ஊத்தி சாப்பாட்டுக்குப் பிறகு குடுத்தா லிக்யூர். மாத்தி எழுத வேண்டியது லேபிளை மட்டும்தான். வயித்து உப்பசத்துக்கு ஆஸ்பத்திரிகள்ல வரிசையில நின்னு வாங்கின அந்த ரோஸ் கலர் மிக்ஸ்சரை வயசானவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி மிக்ஸ்சர்கள்ல வாசத்துக்கும் நிறத்துக்கும் சேக்கிறது இந்த டிங்க்சரைத்தான். பின்னாடி வந்த செய்முறைகள்ல திராட்சை போய் கிளிசரின் வந்துருச்சு. ஏலக்காய் மட்டும் போகல.

சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன ஓடிகொலோன்

குடிக்கிறதா பூசுறதாங்கிற சண்டை இந்தியாவுல கோர்ட்டு வரைக்கும் போயிருக்கு. 1949ல பம்பாய் மாகாணம் மதுவிலக்குச் சட்டம் போட்டுச்சு. "மது"ங்கிறதுக்கு அவங்க குடுத்த விளக்கம் ரொம்பப் பெரிசு, ஆல்கஹால் இருக்குற எல்லா திரவமும் அதுக்குள்ள வந்துரும். பால்சாராங்கிறவர் வழக்கு போட்டார். விஸ்கி, பிராந்தியோட ஓடிகொலோன், லாவெண்டர் தண்ணி, ஆல்கஹால் கலந்த மருந்து இதெல்லாம் வெச்சுக்க எனக்கு உரிமை உண்டுன்னார். 1951ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. மதுவிலக்கு செல்லும். ஆனா ஆல்கஹால் கலந்த மருந்தையும் அலங்காரப் பொருளையும் சாதாரண மனுஷன் வெச்சிருக்கக் கூடாதுங்கிற பகுதி செல்லாது.

அதுக்கப்புறம் 1955ல மத்திய அரசு ஒரு கலால் வரிச் சட்டம் கொண்டு வந்தது. அந்தச் சட்டத்தோட பேர்லயே மருந்தும் அலங்காரப் பொருளும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கும். நெப்போலியன் பிரிச்சு வெச்சதை நம்ம வரி ஆபீஸ் திரும்ப ஒரே பெஞ்சுல உக்கார வெச்ச கதை இது. :-)

ராஜஸ்தான்ல இன்னொரு வேடிக்கை. அங்க அரண்மனைகள்ல வடிச்ச பழைய லிக்யூர்கள்ல ஒண்ணோட பேரு "கேசர் கஸ்தூரி". குங்குமப்பூவும் கஸ்தூரியும். ரெண்டும் அத்தர் கடைச் சாமான். ராஜா அதைக் குடிச்சாரா பூசிக்கிட்டாரான்னு கேட்டா ரெண்டுக்கும் ஆமான்னுதான் பதில் வரும்.

மலையில விளைஞ்சது, கடலோரத்துப் பேரு

சரி, டிங்க்சருக்கும் சென்ட்டுக்கும் ஏலக்காய் எங்கேருந்து போச்சு? போடியில நின்னு மேக்க பாத்தா சுவர் மாதிரி நிக்குதே, அந்த மலை. போடிமெட்டு ஏறி அந்தப் பக்கம் இறங்கினா ஏலமலை. செடி நம்ம இஞ்சி, மஞ்சள் குடும்பம். பெரிய மரத்து நிழல் வேணும், ஈரம் வேணும், காத்து அடிக்கக் கூடாது. காய் மேல காய்க்காது, தூர்லேருந்து தரையோட படர்ற சரத்துல காய்க்கும். அதனால எடுக்கிறவங்க நாள் முழுக்கக் குனிஞ்சேதான் இருக்கணும். ஒரே தடவையில எல்லாக் காயும் பழுக்காது. சுமாரா 40, 45 நாளைக்கு ஒரு சுத்து எடுக்கணும். எடுத்த பச்சைக் காயை "ஸ்டோர்"ல மிதமான சூட்டுல உலத்தணும். அஞ்சு கிலோ பச்சைக் காய் போட்டா ஒரு கிலோ அளவுக்கு மிஞ்சும்.

திருவிதாங்கூர் ராஜ்ஜியத்துல 19ஆம் நூற்றாண்டோட கடைசி வரைக்கும் ஏலக்காய் அரசாங்கத்தோட ஏகபோகம். தோட்டம் போட்டவங்கள்ல பெரும்பாலும் மதுரைச் சீமையிலேருந்து, கம்பம் பள்ளத்தாக்குலேருந்து மலையேறின தமிழ் விவசாயிங்க. விளைஞ்சதை சர்க்கார் கிட்டதான் குடுக்கணும், வெளிய விக்கக் கூடாது. விலையில ஒரு பங்கு விவசாயிக்கு வரும். காய் ஆலப்புழை துறைமுகத்துக்குப் போகும், அங்க தரம் பிரிச்சு சர்க்கார் ஏலம் விடும். விதி அப்படி இருந்தா மனுஷன் என்ன பண்ணுவான்? கிழக்குப் பக்கம் இறங்குனா மதுரை ஜில்லா, வெள்ளைக்காரன் ஆட்சி. ராத்திரியோட ராத்திரியா மூட்டை இறங்கும். கடத்தலும் காவலும் அந்த மலைப்பாதைகளோட பழைய கதை.

ஏகபோகம் போயிருச்சு. ஆனா பேரு ஒட்டிக்கிச்சு. இன்னிக்கும் உலகச் சந்தையில நல்ல பச்சைக் காய்க்கு "ஆலப்பி கிரீன்"னுதான் பேரு. புவிசார் குறியீடும் "ஆலப்பி பச்சை ஏலக்காய்"னுதான் வாங்கியிருக்கு. ஆலப்புழை கடலோரம், காயல், தென்னை. அங்க ஒரு ஏலச்செடி கிடையாது. கிடங்கு இருந்த ஊரு பேரு வாங்கிருச்சு. விளைஞ்ச மலைக்கும், அதுல குனிஞ்சு எடுத்த ஊர்களுக்கும் அந்தப் பேர்ல இடமில்ல.

மலை யாருக்குங்கிற கணக்கும் இன்னும் முடியல. 1897ல திருவிதாங்கூர் அரசு ஏலமலையை ரிசர்வ்னு அறிவிச்சது. அதோட பரப்பு எவ்வளவுன்னு இன்னிக்கும் வழக்கு. 15,720 ஏக்கர்னு கேரள அரசு சொல்லுது. இல்ல, 2,15,720 ஏக்கர்னு சுற்றுச்சூழல்காரங்க சொல்றாங்க. முன்னாடி ஒரு 2 இருக்கா இல்லையா, அவ்வளவுதான் வித்தியாசம். நம்ம ஆளுங்களுக்கு இது புரியும், ஒரே ஒரு இலக்கம் விழுந்தா சிஸ்டமே படுத்துரும். இங்க அந்த இலக்கத்துக்கு அடியில ரெண்டு லட்சம் ஏக்கரும் அதுல குடியிருக்குறவங்களும் இருக்காங்க. விஷயம் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போய் நிக்குது.

1956 நவம்பர் 1 இன்னொரு கோடு போட்டது. மாநிலங்களை மொழிவாரியா பிரிச்சப்போ, தமிழர்கள் அதிகமா இருந்த தேவிகுளமும் பீர்மேடும் மதராஸோட சேரணும்னு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடினாங்க. கன்னியாகுமரிப் பக்கம் நாலு தாலுகாவும் செங்கோட்டையும் வந்துச்சு. தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவுக்குப் போச்சு. அன்னைலேருந்து தோட்டம் ஒரு மாநிலம், தோட்டத்துக்குப் போற ஆள் இன்னொரு மாநிலம். விடியக்காலம் போடி, தேவாரம், கம்பம் பக்கத்துலேருந்து ஜீப்புல ஆள் ஏத்திக்கிட்டு மெட்டு ஏறுறது தினசரி வழக்கம். 2020ல கொரோனாவுக்காக எல்லையை மூடினப்போ இந்தப் பக்கம் கூலி இல்ல, அந்தப் பக்கம் காய் எடுக்க ஆள் இல்ல. கோடு எவ்வளவு கனம்னு அப்பதான் எல்லாருக்கும் தெரிஞ்சது.

போடிக்கு வந்த ரயிலும் குவாத்தமாலாவுக்குப் போன விதையும்

மலைச் சரக்கு கீழ இறங்க போடிதான் வாசல். மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷன்லேருந்து ரோப் கார்ல கொட்டகுடி அடிவாரத்துக்கு இறங்கி, மாட்டுவண்டியில போடிக்கு வந்த காலம் உண்டு. 1928ல மதுரையிலேருந்து போடிக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்தது. ரெண்டாம் உலகப்போர்ல தண்டவாளத்தைப் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க, 1950கள்ல திரும்பப் போட்டாங்க. 2010 கடைசியில அகலப்பாதைக்காக நிறுத்தினாங்க. அடுத்து போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூன்ல. பன்னெண்டு வருஷத்துக்கு மேல! எங்க டெலிவரி டேட்டே தேவலாம்னு தோணும்.

இதுக்கு நடுவுல காய்க்கு வெளிநாட்டுல ஒரு பங்காளி பிறந்தான். 1914 வாக்குல ஆஸ்கர் மாயஸ் க்ளோஃபர்ங்கிற ஜெர்மானியத் தோட்டக்காரர் ஏலக்காயை குவாத்தமாலாவுக்குக் கொண்டு போனார். நம்ம மலை மாதிரியே மழையும் மேகமும் இருக்குற மலை அது. அங்க ஏலக்காய் சாப்பிடுற வழக்கமே பெரிசா கிடையாது, அதனால விளையுறது பூராவும் ஏற்றுமதிக்கு. 1980 வாக்குல ஏற்றுமதியில நம்மளைத் தாண்டிட்டாங்க. அரபு நாட்டு காபியில விழுற காய்லயும், சென்ட் கம்பெனி வாங்குற ஏலக்காய் எண்ணெய்லயும் பெரும்பங்கு இப்ப அவங்களோடது.

நம்ம பக்கம் 1966ல ஏலக்காய் வாரியம் வந்தது. 1987ல அது ஸ்பைசஸ் போர்டுல கரைஞ்சது. 2007ல மின்னணு ஏலம் வந்தது. ஸ்பைசஸ் போர்டோட மின்னணு ஏலம் நடக்குற ஊர் ரெண்டு, எல்லைக்கு இந்தப் பக்கம் போடி, அந்தப் பக்கம் புத்தடி. கூப்பாடு போட்டு விலை கேட்ட எடத்துல இப்ப கம்ப்யூட்டர் முன்னாடி பட்டன் அமுக்குறாங்க. இடுக்கி விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்து வளத்த "ஞல்லானி" ரகம் விளைச்சலை எங்கேயோ கொண்டு போச்சு. விலை மட்டும் யார் பேச்சையும் கேக்கல. 2018 வெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும் செடியை அடிச்சதுல 2019 ஆகஸ்ட்ல புத்தடி ஏலத்துல கிலோ 7,000 ரூபா வரைக்கும் போச்சு. அடுத்த ரெண்டு மூணு வருஷத்துலயே சராசரி விலை ஆயிரத்துக்குக் கீழ வந்துருச்சு. 2024 கோடையில திரும்ப வறட்சி, இடுக்கியில ஏராளமான செடி காஞ்சு போச்சு. விலை ஏறும்போது கையில காய் இருக்காது, காய் இருக்கும்போது விலை இருக்காது. இதுதான் அங்க எல்லா வீட்டுலயும் சொல்ற கணக்கு.

அம்பர்னா என்னங்க?

சென்ட் அட்டையில இருக்குற "அம்பர்" ஒரு குழப்படியான சொல். மூணு அம்பர் இருக்கு.

ஒண்ணு, எண்ணெய்த் திமிங்கிலத்தோட குடல்ல உருவாகி கடல்ல மிதந்து வர்றது. அரபியில அன்பர். சித்த மருத்துவத்துல மீனம்பர். தமிழ்நாட்டுக் கடற்கரையில அப்பப்போ கோடிக்கணக்கு மதிப்புன்னு பிடிபட்டு செய்தி வருமே, அதுதான். இந்தியாவுல அதை வெச்சிருந்தாலே வனவிலங்குச் சட்டம் பாயும்.

ரெண்டாவது, மரத்துப் பிசின் கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள்ள கிடந்து கல்லானது. மாலை கோப்பாங்க.

மூணாவதுதான் சென்ட்காரங்களோட அம்பர். அது ஒரு பொருளே இல்ல, ஒரு கலவை. மத்தியதரைக்கடல் பக்கத்துச் செடியோட பிசினான லாப்டனம், வெனிலா, அப்புறம் பென்சாயின். 1874ல வெனிலின்னை ஆய்வுக்கூடத்துல செஞ்சதுக்கப்புறம் இந்தக் கலவை மலிவாச்சு, பிரபலமாச்சு. 1925ல வந்த ஷாலிமார் இந்த வகைக்கு ஒரு மைல்கல்.

பென்சாயின்னா? நம்ம சாம்பிராணிங்க! சுமத்ரா, ஜாவா பக்கத்து மரத்துப் பால். அரபு வியாபாரிங்க "லுபான் ஜாவி"ன்னாங்க, ஜாவா சாம்பிராணின்னு அர்த்தம். அது ஐரோப்பாவுல தேஞ்சு பென்சாயின் ஆச்சு. அதுலேருந்து பென்சாயிக் அமிலம், அந்த அமிலத்துலேருந்து 1833ல பென்சீன்னு பேரு. கெமிஸ்ட்ரி லேப்ல நாம மூக்கைப் பிடிச்சுக்கிட்ட பென்சீனுக்குப் பேரு குடுத்தது வெள்ளிக்கிழமை வீட்டுல போடுற சாம்பிராணி! சுமத்ராவுல பாரூஸ்னு ஒரு பழைய துறைமுகம், கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர் போனது. அதுக்குப் பக்கத்துல லோபு துவாங்கிற எடத்துல 1088ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டு கிடைச்சிருக்கு. நம்ம ஐந்நூற்றுவர் வணிகக் குழு நட்டது. அதுலயே கஸ்தூரி பேரு வருது. வாசனை வியாபாரம் நமக்கு நேத்து வந்ததில்ல.

அடுத்து அந்த பழ லிக்யூர் வாசம். பீச் மாதிரி, ஊறின உலர்பழம் மாதிரி, கொஞ்சம் ரம் மாதிரி ஒரு மணம் வேணும்னா சென்ட்காரங்க கை நீட்டுற இயற்கை எண்ணெய்கள்ல முக்கியமான ஒண்ணு "தவனா". அதாவது மரிக்கொழுந்து. கர்நாடகா, ஆந்திரா, தமிழ்நாட்டுல விளையுறது. பூக்கடையில கதம்பத்துக்கு நடுவுல சாம்பல் பச்சையா செருகியிருப்பாங்களே, அதை வடிச்சா வர்ற எண்ணெய்ல லிக்யூர் வாசம் தூக்கும்.

எங்க பெரியம்மா ஒருத்தங்க போடியில இருபது வருஷத்துக்கு மேல ஏலக்காய் கிட்டங்கியில காய் பொறுக்குனவங்க. சல்லடையில எட்டு எம்.எம்., ஏழு எம்.எம்.னு பிரிஞ்சு வந்ததை தரையில கொட்டி, வெடிச்சது, பழுப்பு, சூத்தை எல்லாம் கையால ஒதுக்கணும். ஆன்சைட் போயிட்டு வந்த நண்பன் குடுத்த இந்த வகை சென்ட்டை ஒரு தடவை ஊருக்குப் போனப்போ அவங்க கையில அடிச்சு விட்டேன். மோந்து பாத்துட்டு முகத்தைச் சுளிச்சாங்க.

"என்னப்பா இது, ஆஸ்பத்திரி மருந்து வாசம் அடிக்குது?"

"லண்டன் சென்ட்டு பெரியம்மா."

"இருக்கட்டும். அடியில சாம்பிராணி போட்ட மாதிரியும் இருக்கு."

"ஏலக்காயும் இருக்காம். அட்டையில முதல்ல அதைத்தான் போட்டிருக்கான். தெரியுதா?"

திரும்ப மோந்து பாத்தாங்க. "எனக்கு எங்கப்பா தெரியப் போகுது? காய் வாசம் எனக்குத் தெரிஞ்சு எம்புட்டோ வருசமாச்சு. பாயசம் வெச்சாக்கூட போட்டமா இல்லையான்னு பிள்ளைகளைத்தான் கேப்பேன்"னாங்க.

சாதாரணமாத்தான் சொன்னாங்க. நாள் பூரா ஒரே வாசத்துல உக்காந்திருந்தா மூக்கு அதைக் கணக்குலேருந்து எடுத்துரும், அறிவியல்ல அதுக்குப் பேரு இருக்கு. ஆனா இருபது வருஷம் கையில பிடிச்சதை மூக்குக்கு இல்லாம ஆக்கிக்கிட்டவங்களுக்கு கூலியில அதுக்குன்னு ஒரு கணக்கு எந்தக் கிட்டங்கியிலயும் எழுதினதில்ல.

இன்னொண்ணும் அவங்க சொல்லித்தான் யோசிச்சேன். அவங்க ஒதுக்குன வெடிச்ச காயும் சன்னக் காயும் எங்க போகும்? முழு எட்டு எம்.எம். பச்சைக் காய் அழகுக்காக காபிக்கும் பரிசுப் பெட்டிக்கும் போகும். எண்ணெய் வடிக்கிறவனுக்கு அழகு முக்கியமில்ல, அதனால தரம் குறைஞ்சதையும் விதையையும் வாங்குவான். அதாவது அந்தப் பொட்டி வெச்ச லண்டன் பாட்டில்ல இருக்குறது, பெரியம்மா மாதிரி ஒருத்தங்க கழிச்சுப் போட்ட காயோட ஆவியா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஆணும் பெண்ணும்

கடைசியா "யூனிசெக்ஸ்". இதை ஏதோ புதுப் புரட்சி மாதிரி விளம்பரம் பண்றாங்க. 1889ல ஜிக்கின்னு ஒரு பிரெஞ்சு சென்ட் வந்துச்சு, ஆணும் பெண்ணும் போட்டாங்க. 1994ல சி.கே. ஒன் வந்து "ரெண்டு பேருக்கும்"னே சொல்லி உலகம் பூரா வித்துச்சு. அதோட மேல்வாசப் பட்டியல்லயும் ஏலக்காய் இருக்கு, கவனிச்சுக்கோங்க.

நம்ம கதையைப் பாருங்க. சிலப்பதிகாரத்துல கடலாடு காதையில மாதவி குளிக்கிற தண்ணிக்கு பத்து வகைத் துவர், அஞ்சு வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை. அடியார்க்கு நல்லார் உரையில அந்த முப்பத்திரண்டையும் பட்டியல் போட்டிருக்கார். ஏலமும் இருக்கு, நுண்ணேலம்னு தனியாவும் ஒண்ணு இருக்கு, கஸ்தூரி, புழுகு எல்லாம் இருக்கு. சரி, மாதவி பெண். ஆனா மார்புல சந்தனம் பூசாத ராஜாவை சங்கப் பாட்டுல தேடித்தான் பிடிக்கணும். யவனர் கப்பல்ல கொண்டு வந்த வாசனை மதுவை பாண்டியன் குடிக்கிறதை நக்கீரர் புறநானூறுல பாடியிருக்கார். வாசனையை அங்கேருந்து குடிக்கக் கொண்டு வந்தான், இங்கேருந்து மசாலாவா வாங்கிட்டுப் போனான். இன்னிக்கும் கல்யாண வீட்டு வாசல்ல சந்தனக் கிண்ணம் ஆணுக்கு வேற, பெண்ணுக்கு வேறன்னு வைக்கிறதில்ல. ஜவ்வாது டப்பாவுக்கும் ஆம்பளை பொம்பளை கிடையாது. பிரிச்சு வெச்சவங்களே இப்ப சேத்து வெச்சு காசாக்குறாங்க.

அப்ப நம்ம பேரு?

கணக்குப் போட்டுப் பாப்போம். மேல்வாசத்துக்கு ஏலமலை. நடுவுல லிக்யூருக்கு மரிக்கொழுந்து. அடியில தமிழ் வணிகன் ஆயிரம் வருஷம் முன்னாடியே தேடிப் போன சுமத்ரா சாம்பிராணி. பழம் வேணும்னா மலைக்குக் கீழயே கம்பம் பள்ளத்தாக்குல பன்னீர் திராட்சை. 1832ல ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்ததாச் சொல்ற அந்த ரகத்துக்கு 2023ல "கம்பம் பன்னீர் திராட்சை"ன்னு புவிசார் குறியீடு கிடைச்சிருச்சு. பழைய டிங்க்சரோட ரெண்டு முக்கியச் சரக்கும், திராட்சையும் ஏலக்காயும், போடிக்கும் கம்பத்துக்கும் நடுவுல ஒரே நாள்ல வாங்கிரலாம்.

இதுக்காக நாளைக்கே போடியில சென்ட் கம்பெனி ஆரம்பிக்கணும்னு சொல்ல வரல. கம்பம் விவசாயிங்களுக்கு நடந்ததைத்தான் பாக்கச் சொல்றேன். பழம் வெளிநாட்டுலேருந்து வந்தது, ஆனா வளத்த ஊரோட பேரு சட்டப்படி அதுல ஏறிருச்சு. ஏலக்காய் இந்த மலையிலயே பிறந்தது, ஆனா பேரு ஆலப்புழைக்குப் போயிருச்சு. பேரு வெறும் கௌரவம்னு நினைக்காதீங்க. குவாத்தமாலாக்காரன் விலையைக் குறைக்கும்போது "இது வேற காய்"னு சொல்லி நிக்க ஒரு ஆதாரம் அதுதான். அந்தப் பேர்ல மலையும், ரெண்டு மாநிலத்துக்கும் நடுவுல தினமும் ஏறி இறங்குற ஆளுங்களும், பொறுக்குற கையும் இருந்தா விலையில அவங்க பங்கைக் கேக்கவும் ஒரு வழி பிறக்கும். கிடங்கோட பேரு இருக்குற வரைக்கும் பங்கும் கிடங்குக்குத்தான் போகும்.

1810ல ஒரு காகிதம் குடிக்கிறதையும் பூசுறதையும் பிரிச்சுது. 1897ல ஒரு காகிதத்துல ஒரு இலக்கம் தகராறு. 1956ல ஒரு கோடு. இந்த வாசனையோட சரித்திரமே யாரோ எங்கேயோ எழுதின லேபிள்களோட சரித்திரம்தான். அடுத்த லேபிளையாவது விளையுற பக்கத்துலேருந்து எழுதணும்.

டிஸ்கி: அடுத்த தடவை மால்ல எந்த சென்ட் அட்டையைப் புரட்டினாலும் "கார்டமம்"னு இருக்கான்னு பாருங்க. இருந்தா கடைக்காரப் பையன் கிட்ட போடிநாயக்கனூர் எந்தப் பக்கம் இருக்குன்னு கேளுங்க. தெரியலைன்னா நீங்களே சொல்லிட்டு வாங்க, காசா பணமா. :-)